நாலாவது கம்பியின் விரல்

சரக்கு மின்தூக்கியில் ஏறி
காக்கி புக்கிட் ஐந்தாம் மாடிக்கு வந்தது ஒரு நீளப் பெட்டி.
தள்ளி வந்தவர் கோலீன் ஒலிவேரோ, பேருந்து ஓட்டுநர்,
இன்னும் சீருடையில்தான் இருந்தார்.
"கிட்டார்" என்றார். நான் நம்பவில்லை.
திறந்தால் இஸ்திரி மேசை. நாலு கால், பத்துக் கம்பி,
அடியில் மூன்று மிதி, முழங்காலால் தள்ள நாலு நெம்புகோல்.

குப்புறப் போட்டு வயிற்றைப் பார்த்தேன்.
மிதித்தால் குறுக்குத் தண்டு திரும்பும்,
தண்டு திரும்பினால் இழுகம்பி இழுக்கும்,
இழுத்த இழுப்பில் விரல் சாயும்,
விரல் சாய்ந்தால் மேலே கம்பி இறுகும்.
அவ்வளவுதான்.
பிரேக்குக்கும் இதற்கும் ரொம்ப தூரமில்லை என்றார் கோலீன்,
நின்றபடியே காற்றை மிதித்துக் காட்டி.

விரல் என்றுதான் சொல்கிறார்கள். பத்துக் கம்பிக்குப் பத்து.
நாலாவது ஒடிந்திருந்தது.
ஒடிந்த முகத்தில் சாம்பல் நிறப் பொருபொருப்பு,
ஈரம் பட்ட சீனிபோல.
துத்தநாகக் கலவை, எழுபத்து மூன்றில் வார்த்தது.
ஊற்றியவன் அவசரத்தில் இருந்திருக்கிறான்.
ஐம்பது வருடம் கழித்து என் மேசையில் தெரிகிறது.

எனக்கு முன்பே யாரோ கை வைத்திருக்கிறார்கள்:
இழுகம்பிக்குப் பதில் சைக்கிள் ஆரக்கம்பி,
வாஷருக்குப் பதில் ஒரு காசு நாணயம்,
நடுவில் ஓட்டை போட்டு.
திட்டினேன். பிறகு அளந்தேன். கனம் மிகச் சரி.
காசைத் தொடவில்லை.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும்.
எனக்குக் காது பாதிதான்.
பத்தொன்பது வருடம் ஜூரோங்கில் கப்பல் பட்டறை.
செவிச் சோதனை வண்டிக்குள் உட்கார வைத்து
ஒலி கேட்டால் பொத்தானை அழுத்து என்றார்கள்.
நான் காத்துக்கொண்டே இருந்தேன்,
சோதனை இன்னும் தொடங்கவில்லை என்று நினைத்து.
வரைபடத்தில் கோடு நாலாயிரம் ஹெர்ட்ஸ் பக்கம்
படியில் கால் தவறினதுபோல் விழுந்திருந்தது.

கோலீனிடம் சொல்லவில்லை.
சொன்னால் பெட்டியை மூடிவிடுவார்.

விமானப் பாகம் வெட்டியதில் மிஞ்சிய அலுமினியத் துண்டு,
முதலாளி குவெக்கின் கணக்கில் வராதது.
வெள்ளி இரவு எல்லாரும் போனபின் மில்லிங்கில் ஏற்றினேன்.
ஐந்து துளை. ஐந்தாவது மயிரளவு விலகியது, குப்பை.
இரண்டாவதும் குப்பை.
மூன்றாவது நின்றது, மணி இரண்டே கால்.

ஞாயிற்றுக்கிழமை மாட்டினோம்.
வீணைக்கு உள்ளதுபோல் மெட்டு இதற்கு இல்லை,
சும்மா கோடு வரைந்து வைத்திருக்கிறார்கள்.
கோட்டின்மேல் எஃகு உருளையை வைத்து மீட்டினார்,
மூன்றாவது மிதியை அழுத்தினார்.
நான் எதையோ தேடுவதுபோல் குனிந்து
தாடையைச் சட்டத்தில் வைத்துப் பல்லைக் கடித்தேன்.

கேட்டது என்று சொல்லமாட்டேன். வந்தது.
மின்தூக்கி தளம் சேரும்போது வயிற்றுக்குள்
ஏதோ ஒன்று மட்டும் இன்னும் கொஞ்சம் மேலே போகுமே,
அப்படி.

"திரும்பும்போது தங்குகிறது" என்றேன்.
மிதியை விட்டால் கம்பி பழைய இடத்துக்கு
முழுசாய் இறங்கவில்லை. ஒரு மயிர் மேலே நிற்கிறது.
கோலீன் கீழே பார்த்தார்.
"எனக்கே இப்போதுதான் கேட்டது."
தாடையை எடுக்காமல் திருகைக் கால் சுற்றுத் திருப்பினேன்.
இன்னொரு கால்.
"போதும்."
போதாது. அச்சில் பள்ளம் விழுந்திருக்கிறது,
அதையும் புதிதாய்க் கடைய வேண்டும். அடுத்த மாதம்.

ரசீது போடும்போது என்ன வகை என்று கணினி கேட்டது.
பம்பு, வால்வு, கியர், மற்றவை.
மற்றவை. நூற்றெண்பது வெள்ளி.

ஒடிந்த விரலை அவர் கேட்கவில்லை.
சட்டைப் பையில் பேனாவோடு கிடக்கிறது.
நேற்றுத் துவைத்தேன்,
பையோரத்தில் சாம்பல் கறை போகவில்லை.